மூடிய பாய்லரும் சொட்டுகிற குழாயும்

இங்கிலாந்தில் வாடகை வீடு எடுக்கும் எவரும் முதல் குளிர்காலத்திலேயே கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்று உண்டு. சமையலறைச் சுவரில் தொங்கும் அந்த வெள்ளைப் பெட்டியோடு எப்படிக் காலம் தள்ளுவது என்பதுதான் அது. பெட்டியின் பெயர் காம்பி பாய்லர். கேஸில் எரியும். குழாயைத் திறந்தால் வெந்நீர் கொடுக்கும். மற்ற நேரத்தில் வீட்டிலுள்ள ரேடியேட்டர்களுக்கெல்லாம் சூடான தண்ணீரைச் சுற்ற விட்டு அறைகளைக் கதகதப்பாக வைத்திருக்கும். அதன் முகத்திலோ அடியிலோ சின்னதாக ஒரு வட்ட மீட்டர் இருக்கும். முள் 1க்கும் 1.5க்கும் நடுவில் நின்றால் எல்லாம் சுகம். 3ஐத் தொடும் இடத்தில் சிவப்புக் கோடு.

தமிழ்நாட்டிலிருந்து படிக்கப் போன பையன்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஈஸ்ட் ஹாம் பக்கமோ ஹாரோ பக்கமோ ஒரு வீடு எடுத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் காலையில் ரேடியேட்டர் சில்லென்று கிடக்கிறது. மீட்டரில் முள் பூஜ்யத்தில் படுத்திருக்கிறது. வீட்டுக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர். போன் போட்டு "அண்ணா, பாய்லர் வேலை செய்யல, பிரஷர் சுத்தமா இல்ல" என்றால் பதில் தயாராக இருக்கும். "ஒண்டும் இல்லைத் தம்பி, கீழ ஒரு வெள்ளிக் கலர் பைப் இருக்கும் பாருங்கோ, அதில இருக்கிற திருகை ஒருக்காத் திறந்து விடுங்கோ, முள் ஒண்டரைக்கு வந்த உடன பூட்டுங்கோ." திறந்தால் முள் ஏறுகிறது, பாய்லர் எரிகிறது, வீடு சூடாகிறது. ஒரு வாரம் கழித்து மறுபடியும் முள் கீழே. மறுபடியும் திருகு. இப்படியே ஒரு குளிர்காலத்தை ஓட்டிவிடலாம். ஓட்டியும் விடுகிறார்கள்.

அந்த முள் ஏன் இறங்குகிறது, இறங்கிய தண்ணீர் எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால், இந்தப் பெட்டிக்குள் அடுக்கடுக்காக வைத்திருக்கும் பாதுகாப்புக் கருவிகள் எல்லாம் ஒவ்வொன்றாகக் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும்.

முதலில் பழைய கதை. அந்தக் காலத்து பிரிட்டிஷ் வீடுகளில் வெப்பச் சுற்று திறந்த சுற்றாக இருந்தது. மேலே கூரைக்கு அடியில் ஒரு சின்னத் தண்ணீர்த் தொட்டி. அதற்கு மேல் வாய் திறந்தபடி ஒரு குழாய் வளைந்து நிற்கும். தண்ணீர் சூடாகி விரிந்தால் தொட்டியில் மட்டம் கொஞ்சம் ஏறும், அவ்வளவுதான். தெர்மோஸ்டாட் கெட்டுப்போய் பாய்லர் நிற்காமல் எரிந்தால்? தண்ணீர் கொதிக்கும், ஆவி அந்தத் திறந்த குழாய் வழியாக வெளியே போகும். வானத்தைப் பார்த்துத் திறந்திருப்பதால் சூடு 100 டிகிரியைப் பெரிதாகத் தாண்ட முடியாது. ஒரு ஓட்டை செய்யும் வேலையைப் பாருங்கள்! எந்த ஸ்பிரிங்கும் இல்லை, எந்த மின்சாரமும் இல்லை.

பிறகு வந்தது மூடிய சுற்று. கூரைத் தொட்டி கிடையாது, திறந்த குழாய் கிடையாது. ஒரு தடவை தண்ணீரை நிரப்பி அடைத்துவிட்டால் அதே தண்ணீர்தான் வருஷக் கணக்கில் சுற்றிக்கொண்டே இருக்கும். இடம் மிச்சம், மேலே தொட்டி உறைந்துபோகும் பயம் இல்லை, காற்றிலிருந்து ஆக்ஸிஜன் சேராததால் துருவும் குறைவு. காம்பி பாய்லர் பரவப் பரவ இதுவே வழக்கமாகிவிட்டது. யோசனை ஒன்றும் புதிதல்ல. லண்டனில் வாழ்ந்த அமெரிக்கர் ஏஞ்சியர் மார்ச் பெர்கின்ஸ் என்பவர் 1831இலேயே, தடித்த இரும்புக் குழாயில் தண்ணீரை அடைத்து, 100 டிகிரிக்கு வெகு மேலே சூடாக்கி வீடுகளைக் கதகதப்பாக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். கட்டடக் கலைஞர் ஜான் சோன் தன் வீட்டில் அதைப் போட்டுக்கொண்டார். இன்று அந்த வீடு ஒரு மியூசியம்.

ஆனால் அந்தத் திறந்த ஓட்டையை அடைத்த அன்றைக்கே அது சும்மா செய்துகொண்டிருந்த வேலையையெல்லாம் செய்ய ஆள் வைக்க வேண்டியதாயிற்று. மூடிய சுற்றில் கட்டாயம் இருந்தாக வேண்டிய கருவிகள் என்று விதிகள் சொல்வதெல்லாம் அந்த ஓட்டைக்குப் பதிலாக வந்த ஆட்கள்தான். அப்படிப் பார்த்தால் மொத்தமும் சுலபமாகப் புரியும்.

முதல் ஆள், விரிவுக்கு இடம் கொடுப்பவர். தண்ணீர் 10 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்கு ஏறினால் கிட்டத்தட்ட 3 சதவீதம் விரியும். ஒரு வீட்டுச் சுற்றில் 100 லிட்டர் இருந்தால் இரண்டே முக்கால் லிட்டருக்குக் கொஞ்சம் கூட. இந்த மூன்று பாட்டில் தண்ணீர் எங்கே போகும்? தண்ணீரை அமுக்க முடியாது. இடம் கொடுக்காவிட்டால் அது தானே இடம் உண்டாக்கிக்கொள்ளும், எங்கேயாவது ஒரு மூட்டைப் பிய்த்துக்கொண்டு. அதனால்தான் பாய்லருக்குள் ஒரு இரும்புக் கலம் வைக்கிறார்கள். எக்ஸ்பான்ஷன் வெசல் என்பது அதன் பெயர். நடுவில் ஒரு ரப்பர் திரை; ஒரு பக்கம் சுற்றின் தண்ணீர், இன்னொரு பக்கம் காற்றோ நைட்ரஜனோ. தண்ணீர் விரிந்தால் காற்று அமுங்கும், ஆறினால் காற்று தண்ணீரைத் திருப்பித் தள்ளும். நுரையீரல் மாதிரி.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பாயில் விதியெல்லாம் பிளஸ் ஒன்னோடு மறந்துபோயிருக்கும், பரவாயில்லை. கலத்தின் கொள்ளளவு 8 லிட்டர். உள்ளே காற்று 1 பாரில் இருக்கிறது, அதாவது வளிமண்டலத்தையும் சேர்த்தால் 2 பார். அதற்குள் 2.8 லிட்டர் தண்ணீர் புகுந்தால் காற்றுக்கு மிச்சம் 5.2 லிட்டர். 2ஐ 8ஆல் பெருக்கி 5.2ஆல் வகுத்தால் 3.08. வளிமண்டலத்தின் 1ஐக் கழித்தால் மீட்டர் காட்டுவது 2.08 பார். சிவப்புக் கோட்டுக்குக் கீழே பத்திரமாக நிற்கிறது. சூடான நேரத்தில் முள் 2 பக்கம் போய் நிற்பதைப் பார்த்துப் பதறுகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டால் நிம்மதியாகத் தூங்கலாம் :)

இப்போது அந்தக் காற்று கசிந்து போய்விட்டது என்று வையுங்கள். சைக்கிள் டியூபில் காற்று குறைவது போலத்தான்; இந்தக் கலத்திலும் கார் டயரில் இருக்கிற அதே மாதிரி வால்வுதான் இருக்கிறது, அதே பம்பால்தான் காற்றடிக்கிறார்கள். காற்று போய்விட்டால் கலம் முழுக்கத் தண்ணீர் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அடுத்த முறை பாய்லர் எரியும்போது விரிகிற 2.8 லிட்டருக்கு இடமே இருக்காது. முள் மளமளவென்று 3க்கு ஏறும்.

அங்கே காத்திருக்கிறார் இரண்டாவது ஆள், சேஃப்டி வால்வு. ஸ்பிரிங் வைத்து 3 பாருக்கு அமைத்த வால்வு. 3ஐத் தொட்டதும் திறந்து, கூடுதலான தண்ணீரை ஒரு செம்புக் குழாய் வழியாக வீட்டுக்கு வெளியே தள்ளிவிடும். அந்தக் குழாய் பின்பக்கச் சுவரில் தரைக்குப் பக்கமாக, முனை சுவரைப் பார்த்துத் திரும்பியபடி நிற்கும். கொதிக்கும் தண்ணீர் நடந்து போகிறவர் காலில் பீய்ச்சக் கூடாது என்பதற்காக அந்தத் திருப்பம். மாலையில் பாய்லர் எரிகிறது, வால்வு திறக்கிறது, இரண்டு மூன்று லிட்டர் வெளியே. இரவில் ஆறுகிறது, சுற்றில் தண்ணீர் குறைந்துவிட்டதால் காலையில் முள் பூஜ்யம். வீட்டுக்காரரின் வெள்ளிக் கலர் பைப் வைத்தியம் இந்த இடத்தில்தான் ஆரம்பிக்கிறது. ஆக, ஒவ்வொரு தடவையும் திருகித் திருகி நிரப்பியது எல்லாம் வெளிச்சுவர் வழியாகத் தோட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தது!

அந்த வெள்ளிக் கலர் பைப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதன் பெயர் ஃபில்லிங் லூப். வீதியிலிருந்து வரும் குடிநீர்க் குழாயையும் இந்தச் சுற்றையும் இணைக்கும் தற்காலிகப் பாலம். 'தற்காலிக' என்பதுதான் அதில் முக்கியம். நிரப்பி முடித்ததும் அந்த இணைப்பைக் கழற்றிவிட வேண்டும், நடுவில் தண்ணீர் திரும்பி வராதபடி தடுப்பு வால்வும் இருக்க வேண்டும் என்பது பிரிட்டனின் 1999ஆம் வருஷத்துத் தண்ணீர் விதிமுறைகளின் ஏற்பாடு. ரேடியேட்டருக்குள் வருஷக் கணக்கில் சுற்றிய கறுப்புத் தண்ணீர், துருத் தடுப்பு மருந்தோடு சேர்ந்து, ஊர்க் குடிநீருக்குள் திரும்பிப் போய்விடக் கூடாதே. ஆனால் வீடுகளில் அது பெரும்பாலும் மாட்டியபடியேதான் தொங்குகிறது. சில சோம்பேறிகள் திருகையும் லேசாகத் திறந்தே வைத்துவிடுவார்கள், "எதுக்கு வாராவாரம்?" என்று. இதைவிட மோசமான வேலை இல்லை. கசிவு எவ்வளவு இருந்தாலும் முள் இறங்கவே இறங்காது, ஏனென்றால் வெளியே போவது உடனுக்குடன் உள்ளே வந்துகொண்டிருக்கும். முள் பொய் சொல்ல ஆரம்பித்துவிடும். போதாததற்கு, புதுத் தண்ணீர் ஒவ்வொரு லிட்டரும் ஆக்ஸிஜனையும் கொண்டுவருகிறது. லண்டன் தண்ணீர் சுண்ணாம்பு அதிகமுள்ள கடினத் தண்ணீர். துருவும் உப்பும் சேர்ந்து பாய்லரின் வயிற்றை அடைக்கின்றன. சும்மா தண்ணீர்தானே என்று திருகுகிறவர் தெரியாமல் பாய்லரின் ஆயுளைக் குறைத்துக்கொண்டிருக்கிறார்.

இத்தனை சொன்ன பிறகும் பலருக்கு ஒரு நினைப்பு இருக்கும்: சேஃப்டி வால்வு ஒன்று இருக்கிறதே, அப்புறம் என்ன? இங்கேதான் விஷயம் சுவாரஸ்யமாகிறது. 3 பாரில் திறக்கும் வால்வு பார்ப்பது அழுத்தத்தை. சூடு அதன் கண்ணுக்குத் தெரியாது. மூடிய சுற்றில் 3 பார் அழுத்தம் இருந்தால் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது, 143 டிகிரிக்குப் பக்கத்தில்தான் கொதிக்கும். அந்தச் சூட்டில் உள்ள தண்ணீர் பார்ப்பதற்கு அமைதியான தண்ணீர்தான். எங்காவது ஒரு மூட்டு விட்டுக்கொடுத்து அழுத்தம் சட்டென்று இறங்கினால், அந்தக் கணமே ஒவ்வொரு கிலோ தண்ணீரிலும் சுமார் 8 சதவீதம் ஆவியாக மாறும். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் 100 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் ஏறத்தாழ 1,670 லிட்டர் இடம் கேட்கும். அந்த 8 சதவீதம் மட்டும் 130 லிட்டருக்கு மேல் இடத்தை அடைக்கும். ஒரு கிலோவுக்கே இந்தக் கணக்கு.

அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் ஸ்பென்சர் என்ற ஊரில் 1982 ஜனவரியில் ஒரு ஆரம்பப் பள்ளியில் நடந்தது இதுதான். அது வெந்நீர்த் தொட்டி, அறையைச் சூடாக்கும் சுற்று அல்ல. ஆனால் உள்ளே நடப்பது ஒன்றே. சூட்டைக் கட்டுப்படுத்த வேண்டிய கருவியும் கடைசிக் காவலான வால்வும் கைகொடுக்கவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் தொட்டி வெடித்துச் சாப்பாட்டுக் கூடத்தின் சுவரைத் தள்ளிக்கொண்டு வந்தது. பிள்ளைகளும் பெரியவர்களுமாக 7 பேர் இறந்தார்கள். வெடிமருந்து எதுவும் இல்லை, வெறும் தண்ணீர்.

அதனால்தான் அழுத்தத்துக்கு ஒரு காவல் என்றால் சூட்டுக்குத் தனியாக இன்னொரு காவல். பாய்லருக்குள் சாதாரண தெர்மோஸ்டாட் ஒன்று இருக்கும். தண்ணீர் 60, 70, 80 என்று வைத்த அளவுக்கு வந்ததும் நெருப்பைக் குறைத்து அணைக்கும். (ஹாலில் இருக்கும் அறை தெர்மோஸ்டாட்டை இதோடு சேர்க்கக் கூடாது. அது மனிதர்களின் சௌகரியத்துக்கு. பாய்லரின் பாதுகாப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.) அதற்குப் பின்னால் இரண்டாவதாக, உச்ச வரம்பு தெர்மோஸ்டாட். பாய்லரைப் பொறுத்து 100 டிகிரியை ஒட்டிய ஒரு அளவில் இது கேஸ் வால்வையே மூடிவிடும். முதல் தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டு செயலற்றுப் போனால் இது பார்த்துக்கொள்ளும். முக்கியமான வித்தியாசம் ஒன்று உண்டு: முதலாவது தானே அணைத்துத் தானே ஏற்றும். இரண்டாவது அணைத்தால் அணைத்ததுதான். ஆறிய பிறகும் தானாக எரியாது. ஒரு மனிதன் வந்து பொத்தானை அமுக்க வேண்டும்.

ஏன் இந்த வீம்பு? வணிகவியல் மாணவர்களுக்கு இது சட்டென்று புரியும். தணிக்கைப் பாடத்தில் உள்ளகக் கட்டுப்பாடு என்று ஒரு அத்தியாயம் வருமே, ரொக்கப் பதிவேடு எழுதுகிறவரே வங்கிச் சரிக்கட்டும் பட்டியலைத் தயாரிக்கக் கூடாது என்று. அதே சமாச்சாரம். ஒரே சென்சாரை நம்பி இரண்டு கட்டுப்பாடும் இருந்தால், அது கெட்டால் இரண்டும் சேர்ந்தே கெடும். அப்போது இரண்டு என்பது பேச்சுக்குத்தான். தனித்தனியாக இருக்க வேண்டும். தப்பைக் கண்டுபிடிக்கிற ஆள் அதைத் தானே சத்தமில்லாமல் சரிக்கட்டிவிடவும் கூடாது. வேலையை நிறுத்தி மேலதிகாரியைக் கூப்பிட வேண்டும். தானாக மறுபடி எரிகிற காவல், முதல் தெர்மோஸ்டாட் செத்துப்போனதையே யாருக்கும் தெரியாமல் மறைத்துவிடும்.

இந்த இரண்டாவது காவல் இல்லாவிட்டால் திறந்த சுற்றுகூட ஆபத்துதான் என்பதற்கு இங்கிலாந்திலேயே சாட்சி இருக்கிறது. 2006இல் தென்மேற்குப் பகுதியில் ஒரு வீட்டில் மின்சார வெந்நீர்க் கருவியின் தெர்மோஸ்டாட் செயலிழந்து தண்ணீர் கொதித்துக்கொண்டே இருந்தது. திறந்த குழாய் தன் கடமையைச் செய்தது. கொதிநீரையெல்லாம் மேலே கூரைக்கடியில் இருந்த தொட்டிக்குக் கொண்டுபோய்க் கொட்டியது. தொட்டி பிளாஸ்டிக். சூட்டில் இளகிச் சரிந்தது. கீழே அறையில் தூங்கிக்கொண்டிருந்த கைக்குழந்தை இறந்துபோனது. இன்றைய தெர்மோஸ்டாட்களில் இரண்டாவதாக ஒரு கட்-அவுட் சேர்த்தே வருகிறது. அந்தக் குட்டிப் பாகம் அன்றைக்கு அந்த வீட்டில் வேலை செய்திருந்தால் நடந்திருக்கக்கூடியது, காலையில் யாரோ ஒருவர் "வெந்நீர் வரலையே" என்று அலுத்துக்கொண்டிருப்பது மட்டும்தான்.

இன்னொரு விதியும் இந்தக் கோணத்தில் பார்த்தால்தான் புரியும். கேஸ் பாய்லரை மூடிய சுற்றில் தாராளமாக மாட்டலாம். கரியோ விறகோ எரியும் பாய்லருக்கு பிரிட்டனில் வழக்கமாகச் சொல்வது திறந்த சுற்றுதான். மூடிய சுற்றில் வைக்க வேண்டுமானால் தயாரிப்பாளரின் அனுமதியும் விசேஷக் குளிரூட்டும் ஏற்பாடுகளும் வேண்டும். காரணம் எளிது. கேஸை ஒரு நொடியில் நிறுத்தலாம், கங்கை நிறுத்த முடியாது. மின்சாரம் போய் பம்ப் நின்றாலும் கரி எரிந்துகொண்டேதான் இருக்கும். தமிழ்நாட்டில் விறகடுப்பில் குக்கரை வைத்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

குக்கர் என்றதும் ஒன்று. அழுத்தத்தில் சமைக்கும் பாத்திரத்தை 1679இல் லண்டனில் செய்து காட்டியவர் டெனி பாப்பன் என்ற பிரெஞ்சுக்காரர். சேஃப்டி வால்வு என்ற யோசனையும் அந்தப் பாத்திரத்தோடு சேர்ந்தே பிறந்தது. ஈஸ்ட் ஹாம் வீட்டில் அடுப்பின் மேல் விசில் அடிக்கும் குக்கருக்கும், அதற்கு மேல் சுவரில் தொங்கும் பாய்லரின் வால்வுக்கும் பாட்டனார் ஒருவரே.

சரி, இத்தனை காவல் இருந்தும் தப்பு எங்கே நடக்கிறது? பெரும்பாலும் வெளிச்சுவரில்.

அந்த வால்வு சில தடவை திறந்து மூடினால், துருத் துகளோ சுண்ணாம்போ அதன் உட்காரும் இடத்தில் மாட்டிக்கொள்ளும். பிறகு முழுசாக மூடாது. சொட்டுச் சொட்டாக வடியும். சுவரில் வெள்ளையாகவும் பச்சையாகவும் கறை படியும். பக்கத்து வீட்டுக்காரர் புகார் சொல்லுவார். குளிர் நாளில் நடைபாதையில் பனிக்கட்டியாக உறைந்து நிற்கும். அப்போது யாராவது ஒரு புத்திசாலி கடைக்குப் போய் 15 மில்லிமீட்டர் செம்புக் குழாய்க்கு ஒரு மூடி வாங்கி வந்து முனையை அடைத்துவிடுவார். அரை மணி நேர வேலைகூட இல்லை. சொட்டு நின்றுவிடும். முள்ளும் இறங்காது! வீட்டுக்காரருக்குச் சந்தோஷம், பையன்களுக்கும் சந்தோஷம், வாராவாரம் திருகும் வேலை மிச்சம்.

நடந்தது என்னவென்றால், காற்றில்லாத கலம் ஒரு பக்கம், அடைபட்ட வால்வு இன்னொரு பக்கம். அழுத்தத்துக்கு இருந்த இரண்டு வழியும் போய்விட்டன. அதன்பிறகு தினமும் பாய்லர் எரியும்போதெல்லாம் ரேடியேட்டர் மூட்டுகளும் பாய்லரின் உட்பாகங்களும்தான் அந்தச் சுமையைத் தாங்குகின்றன. பெரும்பாலும் ஏதோ ஒரு மூட்டு கசிந்து, தரை நனைந்து, அதோடு போகும். உச்ச வரம்பு தெர்மோஸ்டாட் உயிரோடு இருக்கும்வரை வெடிப்பு வரை போகாது. ஆக, ஐந்தாறு காவல்களில் ஒன்றே ஒன்றின் மேல் மொத்த வீடும் நிற்கிறது. பார்ப்பதற்கு முன்னைவிட நன்றாக ஓடுகிற பாய்லராக!

இதில் சட்டத்துக்கும் ஒரு பங்கு இருக்கிறது. பிரிட்டனில் 1998ஆம் வருஷத்து கேஸ் பாதுகாப்பு விதிமுறைகளின்படி, வாடகைக்கு விடுகிறவர் வருஷத்துக்கு ஒரு தடவை, பதிவு பெற்ற இன்ஜினியரை வைத்து கேஸ் கருவிகளைச் சோதிக்க வேண்டும். சான்றின் நகலை 28 நாளுக்குள் குடியிருப்பவரிடம் கொடுக்க வேண்டும்; புதிதாகக் குடிவருகிறவருக்கு வருவதற்கு முன்பே. 2009 ஏப்ரலிலிருந்து அந்தப் பதிவேட்டின் பெயர் கேஸ் சேஃப் ரிஜிஸ்டர். நல்ல சட்டம். அது முதலில் குறிவைப்பது நெருப்பையும் புகையையும்: கேஸ் ஒழுங்காக எரிகிறதா, புகை ஒழுங்காக வெளியேறுகிறதா. அதுவும் நியாயம்தான். வீட்டு பாய்லரில் உயிரை எடுக்கும் பெரிய எதிரி கார்பன் மோனாக்சைடு, வெடிப்பு அல்ல. (2022 அக்டோபரிலிருந்து இங்கிலாந்தில் கேஸ் பாய்லர் உள்ள வாடகை வீட்டு அறையில் அதற்கான அலாரம் கட்டாயம். இல்லையென்றால் தயங்காமல் கேட்டு வாங்க வேண்டும்.)

ஆனால் வருடாந்திரச் சோதனை வேறு, சர்வீஸ் வேறு. விரிவுக் கலத்தில் காற்று இருக்கிறதா என்று தண்ணீரை வடித்து, பம்ப் வைத்துப் பார்ப்பது சர்வீஸில் வருகிற வேலை. சான்றிதழ் கையில் இருக்கிறது என்பதால் அது நடந்திருக்கும் என்று அர்த்தமில்லை. கேஸ் பக்கத்தில் கைவைக்கப் பதிவு வேண்டும். ரேடியேட்டர், குழாய் போன்ற தண்ணீர்ப் பக்கத்து வேலைக்கு அந்தப் பதிவு தேவையில்லை. வெளிச்சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் செம்புக் குழாய், பதிவு பெற்றவரின் கைக்கும் பெறாதவரின் கைக்கும் ஒரே உயரத்தில்தான் இருக்கிறது. காவல்களிலேயே கடைசிக் காவலின் வாசல், யார் வேண்டுமானாலும் மூடிவிடக்கூடிய இடத்தில்.

இன்ஷூரன்ஸ் படிக்கிறவர்கள் கவனிக்க ஒரு பழைய சங்கதி. 1854இல் மான்செஸ்டரில் வில்லியம் ஃபேர்பர்ன் என்ற இன்ஜினியரின் முயற்சியில், நீராவி பாய்லர் வைத்திருந்த ஆலைக்காரர்கள் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினார்கள். வெடித்த பிறகு நஷ்டஈடு கொடுப்பதைவிட, வெடிப்பதற்கு முன் ஆளனுப்பிச் சோதிப்பதுதான் அதன் வேலை. 1866இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் அதே எண்ணத்தோடு ஒரு கம்பெனி பிறந்தது. அதன் பெயரிலேயே 'இன்ஸ்பெக்‌ஷன்' முதலில், 'இன்ஷூரன்ஸ்' பிறகு. அன்றைக்கு ஆலைகளில் நடந்த தப்பும் கிட்டத்தட்ட இதே ரகம்தான். அதிக ஆவி வேண்டும் என்பதற்காக வால்வின் மேல் எடை ஏற்றுவார்கள், கயிற்றால் கட்டிவைப்பார்கள். இன்றைக்குக் கயிற்றுக்குப் பதில் செம்பு மூடி.

குடியிருக்கிறவர் என்ன செய்யலாம்? பாய்லர் மூடியைத் திறக்க வேண்டாம், அது அவர் வேலையில்லை. மீட்டரைப் பார்க்கலாம். ஆறிய நிலையில் என்ன, சூடான நிலையில் என்ன என்று இரண்டு எண்ணையும் ஒரு வாரம் குறித்து வைக்கலாம். ஆறும்போது 1, சூட்டில் 2 என்றால் கலம் உயிரோடு இருக்கிறது. ஆறும்போது 1, சூடாகும்போது கிடுகிடுவென்று 3 என்றால் காற்று போய்விட்டது. இரண்டு நிலையிலும் மெதுவாக இறங்கிக்கொண்டே போனால் எங்கோ கசிவு. இந்த மூன்று வரியை வீட்டுக்காரரிடம் சொன்னால் "ஒண்டும் இல்லைத் தம்பி" என்று அவர் சொல்வது கொஞ்சம் கஷ்டம். எண்ணோடு வருகிற புகாருக்கு எப்போதும் மரியாதை தனி.

அப்புறம் பின்பக்கம் போய்க் குழாய் முனையைப் பார்க்கலாம். மூடி போட்டிருந்தால் அன்றைக்கே எழுத்தில் தெரிவிக்க வேண்டும், சரிசெய்யும்வரை பாய்லரை அணைத்து வைக்கச் சொன்னால் குளிரைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். மூடி இல்லை, சொட்டுகிறதா என்றும் தெரியவில்லை என்றால் அங்கே உள்ள பிளம்பர்கள் ஒரு வேலை செய்வார்கள்: ஒரு சின்ன பிளாஸ்டிக் பையை முனையில் தளர்வாகக் கட்டிவிட்டு மறுநாள் வந்து பார்ப்பார்கள். பை காய்ந்திருந்தால் வால்வு சரி, கசிவு வேறெங்கோ. பையில் ஒரு கரண்டித் தண்ணீர் இருந்தாலே வால்வை மாற்ற வேண்டும். வால்வை மட்டும் மாற்றிவிட்டுக் கலத்துக்குக் காற்றடிக்காமல் போகிற பிளம்பர், பெரும்பாலும் சீக்கிரமே அதே பையோடு திரும்பி வர வேண்டியிருக்கும்.